எந்தக் கதவுக்கு எந்தச் சாவி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாழ்க்கையில் முன்னேறுவதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் அவசியமா என்ற கேள்வியை ஒட்டித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வெளிவந்த வாசகர் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். பட்டம் வெறும் காகிதம்தான், பில் கேட்ஸ் பட்டமா வாங்கினார் என்று ஒருவர் எழுதியிருந்தார். பட்டம் வாங்காத இந்தியப் பிள்ளைக்கு மலேசியாவில் எதிர்காலமே இல்லை என்று மற்றொருவர் மறுத்திருந்தார். ஐந்தாம் படிவத்தின் இறுதியில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் முடிவுகள் வந்து வீட்டுக்கு வீடு இதே பேச்சாக இருக்கும் இந்த வேளையில், இவ்விரு கருத்துகளாலும் பிள்ளைகள் பாதிக்கப்பட்டதை நேரில் கண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பினாங்கு மாநிலத்தின் பாயான் லெப்பாஸிலும் பிறையிலும் தொழிற்சாலைகளில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் மின் பராமரிப்புப் பணி செய்து ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் பட்டம் இல்லை.

முதலில் பில் கேட்ஸ் பேச்சை ஒதுக்கி வைத்துவிடலாம். 1975-ஆம் ஆண்டு அவர் பாதியில் விட்டு வந்தது ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தை. அவருடைய தந்தை வழக்கறிஞர். பெரும்பாலான பள்ளிகள் கணினியைக் கண்டிராத 1968-லேயே, மாணவர்கள் கணினியைப் பயன்படுத்த வசதி செய்து கொடுத்த தனியார் பள்ளியில் அவர் படித்தார். தொழில் கைகொடுக்காமல் போயிருந்தாலும் அவர் தெருவுக்கு வந்திருக்க மாட்டார். பட்டர்வொர்த்தில் மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் வளரும் ஒரு பையனிடம் இந்தக் கதையைச் சொல்லி, உனக்கும் படிப்பு வேண்டாம் என்று உற்சாகப்படுத்துவது பெரும் பாவம் என்றே கருதுகிறேன். ஏழைப் பிள்ளைக்கு இரண்டாம் வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை.

நான் பிறந்தது செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில். என் தந்தையும் தாயும் பால் மரம் சீவியவர்கள். 1981-இல் ஐந்தாம் படிவத்தை முடித்து, மறு ஆண்டே பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆப்பரேட்டராகச் சேர்ந்தேன். பினாங்கு தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை 1969-இல் இழந்து, வேலையில்லாத இளைஞர்கள் தெருவில் நின்ற காலத்துக்குப் பிறகு, அப்போதைய முதலமைச்சர் லிம் சோங் இயூ முயற்சியில் 1972-இல் தொடங்கிய தடையற்ற வாணிப வட்டாரம் அது. இண்டெல் போன்ற பன்னாட்டு நிறுவனங்கள் வந்து, தோட்டத்திலிருந்தும் கம்பம் எனப்படும் கிராமத்திலிருந்தும் வந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு முதல் மாதச் சம்பளத்தைக் கொடுத்த இடமும் அதுதான். பினாங்குத் தீவுக்குப் பாலம் திறக்கப்பட்ட 1985 வரை, விடிவதற்கு முன் ஃபெரிப் படகில் ஏறி அக்கரைக்குப் போய், அங்கிருந்து தொழிற்சாலைப் பேருந்தில் செல்வேன். இரவு வேலை முடிந்த நாள்களில் வீடு வந்து சேரும்போது வெயில் ஏறியிருக்கும். இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு மின்சாரப் பாடப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்காருவேன். வயர்மேன் சான்றிதழ் முதலில் கிடைத்தது. பிறகு குறைந்த அழுத்த மின்சாரத்துக்கான சார்ஜ்மேன் தகுதி, அதற்குச் சில ஆண்டுகள் கழித்து உயர் அழுத்தத்துக்கான தகுதி. 1989-இல் தொழிற்சாலைகளும் மாநில அரசும் கைகோத்துத் தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தில் நிர்வாகமே என்னைச் சில பயிற்சிகளுக்கு அனுப்பி வைத்தது.

சார்ஜ்மேன் என்றால் என்ன என்று நம் பெற்றோரில் பலருக்குத் தெரியாததால் ஒரு காட்சியைச் சொல்கிறேன். எங்கள் தொழிற்சாலைக்கு 11 கிலோவோல்ட் மின்சாரம் வந்து இறங்கும் அறை ஒன்று உண்டு. பராமரிப்பு நாளில் அந்த அறைக்குள் முதலில் நுழைபவர் சார்ஜ்மேன். அவர்தான் மின்சாரத்தைத் துண்டிப்பார், பிரேக்கரை வெளியே இழுப்பார், கம்பியில் மின்சாரம் இல்லை என்பதைக் கருவி வைத்துச் சோதிப்பார், எர்த் போடுவார், பூட்டுப் போட்டுச் சிவப்பு அட்டையை மாட்டுவார். சாவி அவருடைய சட்டைப் பையில் இருக்கும். அவர் அனுமதித் தாளில் கையெழுத்திட்ட பிறகுதான் மற்றவர்கள் மஞ்சள் கோட்டைத் தாண்டலாம். வெளிநாட்டில் முதுகலைப் பட்டம் பெற்று வந்த பொறியியலாளர் ஒருவர் ஒருமுறை அவசரத்தில் அந்தக் கோட்டைத் தாண்டக் காலெடுத்து வைத்தார். நான் கையை நீட்டித் தடுத்தேன். அவர் எனக்கு இரண்டு படி மேலான அதிகாரி. ஆனாலும் நின்றார். ஏனென்றால் 1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை விதிகள் அந்த இடத்தில் பட்டம் இருக்கிறதா என்று கேட்பதில்லை, தகுதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கின்றன. எரிசக்தி ஆணையம் தேர்வு வைத்து வழங்கும் அந்தச் சான்றிதழ் இல்லாதவரை நம்பித் தொழிற்சாலையின் மின் அமைப்பை ஒப்படைக்கச் சட்டம் இடம் கொடுக்காது.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் பட்டம் வேண்டியதில்லை என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. என் வாழ்க்கையின் மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். 1997-இல் எங்கள் பராமரிப்புப் பிரிவில் துணை நிர்வாகி பதவி காலியானது. அந்த வேலையை ஆறு மாதம் பொறுப்பேற்றுச் செய்தவன் நான். பதவி வேறொருவருக்குப் போனது. குறை ஒன்றும் இல்லை, ஆனால் அந்தத் தரத்துக்குப் பட்டம் வேண்டும் என்று தலைமையகம் விதித்திருக்கிறது என்றார்கள். புதிதாக வந்தவருக்கு வேலையைக் கற்றுக் கொடுக்கும் பொறுப்பும் எனக்கே வந்தது. அதைவிடப் பெரிய அடி 2009-இல் விழுந்தது. ஆள்குறைப்பில் என் பெயரும் இருந்தது. 45 வயதைத் தாண்டியவன், இணையத்தில் விண்ணப்பம் போட்டால் கல்வித் தகுதி என்ற கட்டத்தைத் தாண்டி உள்ளே போகவே முடியவில்லை. இருபத்தைந்து ஆண்டு அனுபவத்தைப் படிக்க யாரும் இல்லை. பின்னர் பிறையில் ஒரு தொழிற்சாலை உயர் அழுத்தச் சார்ஜ்மேன் இல்லாமல் தடுமாறிக்கொண்டிருந்ததை நண்பர் ஒருவர் சொல்லி அங்கே சேர்ந்தேன். ஆக, மேலே ஏறவிடாமல் தடுத்ததும் பட்டம் இல்லாத குறைதான், கீழே விழாமல் தாங்கியதும் பட்டமல்லாத ஒரு சான்றிதழ்தான்.

எனவே பட்டம் தேவையா என்று பொத்தாம் பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. பிள்ளை போக விரும்பும் தொழிலின் கதவு எந்தச் சாவிக்குத் திறக்கும் என்பதையே முதலில் கேட்க வேண்டும். மருத்துவர், மருந்தாளர், வழக்கறிஞர், பொறியியலாளர் ஆக வேண்டுமென்றால் பட்டத்துக்கு மாற்று இல்லை. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்து தமிழ்ப்பள்ளி ஆசிரியராக வருவோரும் இன்று பட்டம் பெற்றே வெளியே வருகிறார்கள். அரசாங்க வேலையில் பட்டதாரிக்கு 41, டிப்ளோமாவுக்கு 29, எஸ்பிஎம்முக்கு 19 என்று அண்மைக் காலம் வரை நுழைவுத் தரமே தனித்தனியாக இருந்தது. தர எண்கள் இப்போது மாறியிருந்தாலும், நுழையும் படி உயரமாக இருந்தால் ஓய்வு பெறும் படியும் உயரமாக இருக்கும் என்ற கணக்கு மாறவில்லை. பட்டயக் கணக்காளர் ஆவதற்கு மட்டும் பல குடும்பங்களுக்குத் தெரியாத ஒரு வழி உண்டு. எஸ்பிஎம் முடித்தவர், பட்டப்படிப்பில் சேராமலே ஏசிசிஏ போன்ற தொழில்முறைத் தேர்வுகளின் அடிப்படை நிலையில் தொடங்கி, எல்லாத் தாள்களையும் முடித்து, அனுபவக் காலத்தையும் நிறைவு செய்து, மலேசியக் கணக்காளர் கழகத்தில் உறுப்பினராகலாம். கடினமான தேர்வுகள்தாம், ஆனால் பகலில் வேலை செய்துகொண்டே எழுதி முடித்தவர்கள் ஜோர்ஜ்டவுனிலேயே இருக்கிறார்கள்.

பட்டம் வேண்டிய தொழிலிலும் எந்தப் பட்டம் என்ற கேள்வி இருக்கிறது. இதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பொறியியல் என்று பெயர் இருந்தால் போதாது. பொறியியலாளர் வாரியத்தில் பதிந்துகொள்ள உதவும் அங்கீகாரம் அந்தப் படிப்புக்கு இருக்க வேண்டும். சட்டம் படித்தால் அந்தப் பட்டத்தைச் சட்டத் தொழில் தகுதி வாரியம் ஏற்றுக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் புறப்படுவோர், அந்தக் கல்லூரி மலேசிய மருத்துவ மன்றம் ஏற்றுக்கொண்ட பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் வீட்டை அடமானம் வைக்கக் கூடாது. எந்தப் படிப்பாயினும் மலேசியத் தகுதி முகவாண்மையின் பதிவேட்டில் அதன் பெயர் உள்ளதா என்று கைபேசியிலேயே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். தங்கத்தை உரசிப் பார்க்காமல் வாங்காத நாம், நாலைந்து ஆண்டுப் படிப்பை முகவரின் வாய்ப்பேச்சை நம்பி வாங்கிவிடுகிறோம்.

என் உறவுக்காரப் பையன் ஒருவனின் நிலையைச் சொன்னால் நான் எதைக் கண்டு அஞ்சுகிறேன் என்பது விளங்கும். எஸ்பிஎம்மில் நடுத்தரமான தேர்ச்சி. ஒரு தனியார் கல்லூரியின் முகவர் வீட்டுக்கே வந்து, மடிக்கணினி இலவசம் என்று சொல்லி, வணிக நிர்வாகத்தில் சேர்த்துவிட்டார். படிப்பு முறையானதுதான், அங்கீகாரம் இருந்தது, பையனும் ஒழுங்காகப் படித்துப் பட்டம் வாங்கினான். ஆனால் இந்தப் படிப்பு எந்த வேலைக்கு என்று அந்தக் கல்லூரியிலும் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இன்றைக்குச் செபராங் ஜெயாவில் மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டு சேர்க்கும் வேலை செய்கிறான். அரசின் உயர்கல்விக் கடன் நிதியான பிடிபிடிஎன்னில் வாங்கிய கடன் 40,000 ரிங்கிட்டுக்கு மேல் நிற்கிறது. அவன் அம்மா, என் தங்கை முறை, பட்டமளிப்பு அங்கியோடு அவன் நிற்கும் படத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறாள். போன தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவன் அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். நாற்காலியை வேண்டுமென்றே திருப்பிப் போட்டுக்கொண்டதை நான் கவனித்தேன். அவன் உழைக்கிறான், யாரையும் ஏமாற்றவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவன் தனி ஆளும் அல்லன். உயர்கல்வி பெற்று வேலையில் இருப்போரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தம் படிப்புக்குக் கீழான வேலையில் இருப்பதாகப் புள்ளிவிவரத் துறையின் அறிக்கைகள் காட்டுகின்றன. அதே வேளையில், சராசரியாகப் பார்த்தால் பட்டதாரியின் சம்பளம் எஸ்பிஎம்மோடு நின்றவரின் சம்பளத்தைவிடக் கணிசமாகக் கூடுதல் என்பதும் உண்மை. சராசரி என்பது மருத்துவரையும் என் உறவுக்காரப் பையனையும் கூட்டி வகுப்பது. பிடிபிடிஎன் 1997-இல் அமைக்கப்பட்டிராவிட்டால் நம் பிள்ளைகள் பலர் பல்கலைக்கழக வாசலை மிதித்திருக்கவே மாட்டார்கள். முதல் நிலையில் தேறுவோர் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குப் பெறவும் அதில் வழி உண்டு. கடன் நல்லதுதான். எதற்காகக் கடன் படுகிறோம் என்று தெரியாமல் கையெழுத்திடுவதுதான் கெடுதல்.

நம் மக்கள் பட்டத்தின்மேல் ஏன் இவ்வளவு ஆசை வைத்திருக்கிறார்கள் என்பதைத் தோட்டத்தில் பிறந்த எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாக நிற்கும்போது, பெயர்ப் புத்தகத்தோடு வெள்ளைக் காற்சட்டை அணிந்து நிற்பவர் தோட்ட எழுத்தரான கிராணியார். என் தந்தையைவிடப் பத்து வயது இளையவர். அவர் என் தந்தையைப் பெயர் சொல்லி, ஒருமையில் கூப்பிடுவார். என் தந்தை கையில் பால் வாளியோடு “ஐயா” என்பார். எனக்கும் கிராணியாருக்கும் உள்ள வேறுபாடு படிப்பு ஒன்றுதான் என்று ஒருநாள் இரவு லயத்து வீட்டுத் திண்ணையில் என் தந்தை என்னிடம் சொன்னார். கையால் செய்யும் வேலை என்றாலே அவமானம் என்ற எண்ணம் அப்படித்தான் நம் எலும்புக்குள் இறங்கியது. நான் சார்ஜ்மேன் ஆன பிறகும், மேசை வேலை எப்போது கிடைக்கும் என்றுதான் அவர் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்டது பணத்தை அல்ல, மரியாதையை. ஆகவே பட்டத்துக்கு ஆசைப்படும் பெற்றோரை ஏளனமாகப் பேசுவோரை நான் ஒருபோதும் ஏற்றுக்கொள்வதில்லை. ஆனால் கிராணி இருந்த தோட்டமே இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. மரியாதை இருக்கும் இடமும் மாறியிருக்கிறது என்பதை அந்தப் பெற்றோரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

‘திவேட்’ என்று இப்போது பரவலாகப் பேசப்படும் தொழில்திறன் கல்வியை நான் பரிந்துரைப்பது அந்த நம்பிக்கையில்தான். 2006-ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளாகவும், அதற்கு மேல் டிப்ளோமா, உயர் டிப்ளோமா என்றும் படிக்கட்டு போட்டு வைத்திருக்கிறார்கள். அது முட்டுச்சந்து அன்று. திறன் டிப்ளோமா முடித்தவர்கள் பத்து பகாட் நகரின் உசேன் ஓன், மலாக்கா, பெர்லிஸ், பகாங் ஆகிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்கே விண்ணப்பிக்கலாம். வேலைக்குப் போய் அனுபவம் பெற்றவர்கள், 21 வயதைக் கடந்த பின், ‘ஏப்பல்’ எனப்படும் அனுபவ மதிப்பீட்டின் வழியாகப் பட்டப்படிப்பில் நுழையவும் இடமுண்டு. 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தொழில்நுட்பவியலாளர் வாரியம், கைத்திறன் உள்ளவர்களையும் தொழில்முறையாளர்களாகப் பதிவு செய்கிறது. இவற்றில் ஒன்றாவது 1997-இல் இருந்து, எனக்கும் தெரிந்திருந்தால், என் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். நம் மாநிலத்திலேயே கெப்பாளா பத்தாஸிலும் நிபோங் தெபாலிலும் மனிதவள அமைச்சின் பயிற்சிக் கழகங்கள் இருக்கின்றன. நிபோங் தெபாலில் இருப்பது ஆறுமுகம் பிள்ளை என்ற தமிழரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்து தினமும் போகும் தமிழ்க் குடும்பங்களில் எத்தனை பேர் உள்ளே போய் விசாரித்திருப்பார்கள் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இந்த வழியிலும் குறைகள் இல்லாமல் இல்லை. தொடக்கச் சம்பளம் சில இடங்களில் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே இருக்கும். முதல் நிலைச் சான்றிதழோடு நின்றுவிட்டால் பெரிய பலன் இராது. ஒழுங்கான கருவிகள்கூட இல்லாத தனியார் பயிற்சி நிலையங்களும் இருக்கின்றன. பையன்களுக்கு மட்டும்தான் இது என்று பெண் பிள்ளைகளின் பெற்றோர் ஒதுங்கிவிடுகிறார்கள், அதுவும் சரியன்று. இரண்டாம் தொழிற்சாலையில் எனக்குக் கீழே பயின்ற ஒரு பெண் இன்று அங்கேயே மின் பராமரிப்பைக் கவனிக்கிறார்.

படிப்பில் நாட்டமுள்ள பிள்ளைக்கு ஒரு சொல். ஆறாம் படிவத்தில் படிக்கும் எஸ்டிபிஎம் படிப்பை நம்மவர்கள் ஏன் இவ்வளவு அலட்சியம் செய்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. கடினம், தாமதம் என்கிறார்கள். மூன்று பருவங்களில் முடிந்துவிடும் அந்தப் படிப்பு அரசு இடைநிலைப்பள்ளியிலேயே நடக்கிறது, செலவு மிகக் குறைவு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கின்றன. என் மகள் அந்த வழியில் போய்த்தான் அரசுப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படித்தாள். அவளுக்குப் பட்டம் கட்டாயம், அதனால் அதற்கு வேண்டியதைச் செய்தோம்.

எஸ்பிஎம் முடிவு வந்ததும் கோயில் மண்டபங்களில் கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிகள் நடக்கின்றன. நான் போன நிகழ்ச்சிகளில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் தனியார் கல்லூரி முகவர்களே. பெற்றோர் ஆசிரியர் சங்கங்களையும் ஆலய நிர்வாகங்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: அந்த மண்டபத்தில் ஒரு மேசையை வயர்மேனுக்கும், ஒரு மேசையைத் தாதிக்கும், ஒரு மேசையை ஏசிசிஏ எழுதி முடித்தவருக்கும், ஆறாம் படிவ ஆசிரியருக்கும் கொடுங்கள். முதல் சம்பளம் எவ்வளவு, பத்தாம் ஆண்டுச் சம்பளம் எவ்வளவு, எந்த இடத்தில் படி முடிகிறது என்று அவர்கள் தங்கள் வாயால் சொல்லட்டும். தங்கள் நாளிதழும் வாரம் ஒரு தொழிலை எடுத்து, அதற்கு என்ன தகுதி, எங்கே பயிலலாம் என்று எழுதினால் பல குடும்பங்கள் கத்தரித்து வைத்துக்கொள்ளும்.

எங்கள் அடுக்குமாடியில் நான்காம் தளத்துப் பையன் எஸ்பிஎம்மில் கணிதமும் அறிவியலும் தேறியிருக்கிறான், மற்றவை சுமார்தான். வீட்டில் கெட்டுப்போகும் மின்விசிறிகளை அவனே கழற்றிப் பழுது பார்ப்பான். நிபோங் தெபாலில் மின்சாரப் பிரிவுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். அப்பா லாரி ஓட்டுநர், ஊரில் இருக்க மாட்டார், நேர்காணலுக்கு நான்தான் அழைத்துப் போகிறேன். நேற்று மாலை அவனுடைய அம்மா மாடிப்படியில் என்னை நிறுத்தி, வெகுநேரம் தயங்கிவிட்டு, “அங்கேயும் படிப்பு முடிந்ததும் அங்கி போட்டுப் படம் எடுப்பார்களா, அண்ணே?” என்று கேட்டார். பட்டமளிப்பு விழா அங்கேயும் நடக்கிறது, அங்கி உண்டு, பெற்றோருக்கு அழைப்பும் உண்டு என்று சொன்னேன். அப்படியானால் சரி என்று சொல்லிவிட்டு, நேர்காணலுக்குப் பையன் எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்று கேட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் பராமரிப்பு மேற்பார்வையாளர்,
பட்டர்வொர்த், பினாங்கு.